கோருக்குள் மறந்த தாள்

அம்மீட்டரின் முள், நிற்க வேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு ஏறி நின்றது. டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டுச் சுருளான செகண்டரியில் எந்த லோடும் இல்லை. தென்காசியில் நான் டெஸ்டிங் பார்த்த பட்டறையிலிருந்து அன்று மாலையே குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்குப் போக வேண்டியது அது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "காயில்ல சுத்து ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. ரஹ்மத்து கை இப்பல்லாம் சரியில்ல. நாளையிலருந்து வரவேண்டாம்னு சொல்லிருதேன்."

ரஹ்மத் எங்கள் காயில் வைண்டர், கம்பிச் சுருள் சுற்றுபவள்; என் தோழி. சாரல் சீசனில்தான் வேலை குவியும் என்பதால், குற்றாலத்தின் பக்கத்திலேயே இருந்தும் நாங்கள் சேர்ந்து அருவியில் நனைந்ததில்லை. அன்று டெஸ்ட் முடிந்ததும் ஐந்தருவிக்குப் போவதாக இருந்தோம். அவள் பையில் துண்டும் சீயக்காயும் காத்திருந்தன.

"அரை மணி நேரம் குடுங்க, அண்ணாச்சி" என்றேன்.

உள்ளீட்டுச் சுருளான பிரைமரிக்கு மாறுமின்னழுத்தம் கொடுத்தால், அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்குக் கோர் என்னும் இரும்பு உள்ளகத்தில் பிளக்ஸ் எனும் காந்தப்பாயம் எழுந்தும் அடங்கியும் மாறிக்கொண்டிருக்கும். அந்தப் பிளக்ஸின் அளவை வோல்ட்டேஜும் பிரீக்வென்சியும் சுற்றுகளின் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன, லோடு அல்ல. பாடப்புத்தகத்து ஐடியல் டிரான்ஸ்பார்மரில் அதை எழுப்ப மின்னோட்டமே தேவையில்லை. நிஜத்தில் சிறிது வேண்டும். இரும்புப் பாதையில் இடைவெளி விழுந்தால் நிறைய வேண்டும்.

செகண்டரி வோல்ட்டேஜ் கணக்குப்படி வந்தது. சுற்று ஒட்டியிருந்தால் சூடேற வேண்டிய காயில் சூடேறவில்லை. ஆகவே ரஹ்மத்தின் சுற்றுகளில் குறையில்லை. கோரின் போல்ட்டுகளைக் கழற்றினோம். இரும்பு இணையும் முகங்களுக்கு நடுவே மடித்த தாள் ஒன்று இருந்தது. என் டெஸ்ட் ஷீட். காலையில் ஜன்னல் வழியே சாரல் அடித்தபோது தாள் நனையாமலிருக்க நான் அங்கே செருகி வைத்தது. அருவிக்குப் போகும் அவசரத்தில், பார்க்காமல் மூடச் சொல்லிவிட்டேன்.

"தப்பு என்னோடது, அண்ணாச்சி."

"படிச்ச புள்ள பண்ணுத வேலையா இது?" என்று முதலாளி தலையிலடித்துக்கொண்டு போனார். ரஹ்மத்தைப் பற்றி மேலே பேசவில்லை.

அவளோ சிரித்தாள். "ஏட்டி, சீயக்கா மடிக்கத் தாளத் தேடிக்கிட்டே இருந்தேன். நீ இங்கனயா ஒளிச்சு வச்சிருந்த?"

மீண்டும் கோரைப் பூட்டியதும் முள் இறங்கி அடங்கியது. அதற்குள் பொழுதும் சாய்ந்துவிட்டது. "அடுத்த சாரலுக்குப் போவோம்ட்டி" என்றாள். அடுத்த சாரலுக்குள் அவள் கணவருடன் ஷார்ஜாவில் இருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு, நினைத்த நாளில் ஐந்தருவிக்குப் போக முடிகிறது. பெண்கள் பக்கம் சற்று நேரம் நின்றுவிட்டு, பெரும்பாலும் நனையாமலே திரும்பிவிடுகிறேன்.

கோரை மூடும் முன் இணைப்பு முகங்களை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். யாராவது உங்களுக்காகக் காத்திருக்கும் நாளில், இரண்டு முறை.