கோடு போடாத பக்கம்

அந்த அலுவலகத்தை நினைத்தால் முதலில் எனக்கு வருவது அதன் மணம். புதுப் பிளாஸ்டிக் ஃபைல்களின் மணம், மூன்று நாளாகக் கழுவாத கோப்பிக் கோப்பைகளின் மணம், மனேஜர் மத்தியானத்தில் மேசையிலேயே வைத்துத் தின்னும் டின் மீனின் மணம். குளிர் என்று சொல்லி எவரும் ஜன்னலைத் திறப்பதில்லை. எல்லாம் உள்ளேயே கிடந்து ஊறும். மாலையில் ரயிலில் என் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் அங்கே சேர்ந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து இரண்டு வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்றுகொண்டு, பின்னேர வகுப்பில் கம்பியூட்டர் படித்தவனுக்குக் கதிரையில் இருந்து செய்கிற வேலை கிடைத்தது பெரிய விஷயம். கம்பனி ஒரு புரோகிராமிங் மொழியை விற்றது. மற்றவர்கள் சவர்க்காரம் விற்பதில்லையா, அதுபோலத்தான். ஊர் நிர்வாகம் பார்க்கும் கவுன்சில்களும் ஆஸ்பத்திரிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் வாங்கின. மொழியோடு ஒரு கையேடும் போகும். தலையணைத் தடிப்பில் மூன்று ரிங் ஃபைல்கள். எந்தக் கட்டளை எழுதினால் இயந்திரம் என்ன செய்யும் என்று அதில் இருக்கும். அந்தக் கையேட்டைப் பிழையில்லாமல் வைத்திருப்பது என் வேலை.

முழுக் கையேட்டையும் புதிதாக அச்சடிப்பதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை, மாறிய பக்கங்களை மட்டும் ஓர் உறையில் போட்டு அனுப்புவோம். மேலே ஒரு தாள் இருக்கும். இன்ன பக்கத்தைக் கழற்றுங்கள், இதைச் செருகுங்கள், கழற்றியதை அழித்துவிடுங்கள். எந்த வரி மாறியதோ அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், நிமிர்ந்த கறுப்புக் கோடு ஒன்று போட வேண்டும். படிப்பவன் கோட்டை மட்டும் தேடிப் படித்தால் போதும். கோடு இல்லாத இடம் பழையபடியே இருக்கிறது என்று நம்புவான். அந்தக் கையேட்டில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அந்தக் கோடுதான். நேர்மையான கோடு என்று நினைத்திருந்தேன்.

அங்கேதான் மனேஜர் தன் கைவரிசையைக் காட்டுவார். மாற்றங்கள் இரண்டு வகை என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒன்று திருத்தம். மற்றது தெளிவுபடுத்தல். திருத்தத்துக்குக் கோடு உண்டு. தெளிவுபடுத்தலுக்குக் கோடு கிடையாது. எது எந்த வகை என்று அவரே தீர்மானிப்பார். எங்கள் கம்பனிக்கு மானக்கேடு வரக்கூடிய எதுவும் அவருடைய கையில் தெளிவுபடுத்தலாகிவிடும். பூசி மெழுகுவதற்கு இவ்வளவு சுத்தமான பெயர் வைத்த ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

உண்மையில் எங்கள் கையேட்டை யாரும் படிக்கவில்லை. வாடிக்கையாளர்களின் அலுவலகங்களுக்கு ஒரு தடவை போய் வந்தேன். நாங்கள் அனுப்பிய உறைகள் உடைக்காமலே அலுமாரியின் மேல் அடுக்கியிருந்தன. ஓரிடத்தில் கதவு சாத்தாமல் இருக்க இரண்டு உறைகளைக் கீழே முண்டு கொடுத்திருந்தார்கள். வாய்விட்டுத் திட்டினேன், தமிழில்.

படித்தவர் ஒரே ஒருவர். கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலில் புரோகிராமர். திருச்சிப் பக்கத்து ஆள். உறை வந்த அன்றைக்கே பக்கங்களை மாற்றிவிட்டு, அடுத்த கிழமை எனக்குக் கடிதம் போடுவார். இன்ன பக்கம், இன்ன வரி, இங்கே ஓர் எண் தவறு, இந்த உதாரணம் ஓடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்திருப்பார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பிறகு தொலைபேசியிலும் பேசத் தொடங்கினார்.

"சார், நீங்க தமிழா?" என்று முதல் நாள் கேட்டார்.

"ஓம்."

"ஓம்னா? ஆமாவா சார்?"

"ஆமாதான்," என்றேன். சிரித்தார். என்னை விட இரண்டு வயதாவது மூத்தவர், கடைசிவரைக்கும் 'சார்' என்பதை விடவில்லை. பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல்மாடியில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வாடகைக்கு இருந்தார். அவருடைய வேலை பெர்மிட் அந்தக் கவுன்சில் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் பெர்மிட் போகும். பெர்மிட் போனால் மூன்று பேரும் விமானம் ஏற வேண்டியதுதான். இதை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. கையேட்டை ஏன் இவ்வளவு கவனமாகப் படிக்கிறார் என்று நான் பகிடியாகக் கேட்டபோது சொன்னார்.

எங்கள் மொழியின் புதிய பதிப்பு ஒன்று வந்தது. வேகம் கூட்டியிருக்கிறோம் என்று பளபளப்பான தாளில் விளம்பரம் அடித்தார்கள். நான் வழக்கம்போலக் கையேட்டு உதாரணங்களை அதில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று பைத்தியக்கார விடை தந்தது. தோண்டிப் பார்த்தேன். புரோகிராம் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள நினைவகத்தில் ஓர் இடம் கேட்டால், அந்த இடம் பூச்சியத்தில் தொடங்கும் என்று கையேடு முதல் நாளிலிருந்தே சொல்லி வந்தது. கழுவிக் கவிழ்த்த சட்டியை எடுத்துத் தருவது போல. வேகத்துக்காக எங்கள் பொறியியலாளர்கள் அந்தக் கழுவுகிற வேலையைத் தூக்கிவிட்டார்கள். முன்னர் அங்கே என்ன எண் கிடந்ததோ அது அப்படியே கிடக்கும். நேற்றைய மீன்குழம்புச் சட்டியில் இன்றைக்குப் பால் காய்ச்சுகிற கதை.

போய்ச் சொன்னேன். பொறியியலாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரும்பக் கழுவ வைத்தால் வேகம் போய்விடும், விளம்பரமும் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது என்றார்கள். மனேஜர் பல்லில் சிக்கிய மீனை நகத்தால் எடுத்தபடி, "அப்படியானால் கையேட்டை மாற்று," என்றார்.

'பூச்சியத்தில் தொடங்கும்' என்ற வரியை அழித்துவிட்டு, 'தொடக்க மதிப்புக்கு உத்தரவாதம் இல்லை. புரோகிராம் எழுதுபவரே அதை அமைக்க வேண்டும்' என்று எழுதினேன். பக்கத்தில் கோடு போட்டேன். அவர் அதைக் கண்டார்.

"இது தெளிவுபடுத்தல். கோடு வேண்டாம்."

"நேற்று வரைக்கும் பூச்சியம் என்று சொன்னோமே?"

"சொன்னோம். வாக்குக் கொடுத்தோமா?"

மீன் சிக்கிய அந்த நகத்தால் என் தாளில் கோடு இருந்த இடத்தைத் தட்டினார். ஒரு சின்ன எண்ணெய்ப் பொட்டு விழுந்தது. நான் கோட்டை எடுத்துவிட்டேன். ஒரு விசையை அழுத்துகிற வேலை. அதை விட அசிங்கமான காரியம் ஒன்றையும் செய்தேன். கோடே இல்லாத தாள் ஒன்று உறைக்குள் போனால் சந்தேகம் வருமல்லவா? அதே தாளின் மறுபக்கத்தில் ஓர் உதாரணத்தில் சின்னப் பிழை இருந்தது. அதைத் திருத்தி, அதற்குப் பக்கத்தில் கொழுத்த கோடு போட்டேன். அந்தச் சின்னப் பிழையைக் கடிதம் எழுதிக் காட்டித் தந்தவர் திருச்சிக்காரர்தான். உறை கிடைத்ததும் போன் எடுத்து, "நான் சொன்னதை மாத்திட்டீங்க சார், ரொம்ப சந்தோஷம்," என்றார்.

கவுன்சில் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் புள்ளி போடும் புரோகிராம் அவர் எழுதியது. நெருக்கடிக்கு இத்தனை, நோய்க்கு இத்தனை, பிள்ளைகளுக்கு இத்தனை என்று கூட்டி வரிசைப்படுத்தும். பழைய பக்கத்தை நம்பி எழுதியது. புதிய பதிப்பில் அது ஓடியபோது, ஒரு குடும்பத்தின் புள்ளிகள் அடுத்த குடும்பத்தின் தலையில் ஏறின. பின்னால் நின்றவர்கள் முன்னால் போனார்கள். ஒற்றை அறைக்குள் நாலு பிள்ளைகளோடு பூஞ்சணம் பிடித்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் கீழே தள்ளப்பட்டது. உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. கவுன்சிலுக்குப் பழி சுமக்க ஒரு தலை வேண்டியிருந்தது.

போன் வந்தது. திருச்சிக்காரரின் குரல் ஒடுங்கியிருந்தது.

"சார், அந்த நம்பர் வைக்கிற பக்கம் இருக்குல்ல, அது எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா? ஜீரோன்னு படிச்ச மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். கோடு ஒண்ணும் இல்லையே, அதான் கேக்குறேன். வர்ற வியாழக்கிழமை விசாரணை வெச்சிருக்காங்க."

"பழைய பக்கம் உங்களிட்டை இருக்கே?"

"நீங்கதானே சார் அழிச்சிடுங்கன்னு போட்டிருக்கீங்க. வந்த அன்னைக்கே கிழிச்சுட்டேன்."

நாட்டிலுள்ள சோம்பேறிகள் எல்லாரிடமும் அந்தப் பழைய பக்கம் பத்திரமாக இருந்தது. உறையை உடைக்காதவன் எவனும் அதைக் கழற்றவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே மனிதனிடம்தான் இல்லை.

"பாத்திட்டுச் சொல்லுறன்," என்றேன்.

பார்க்க என்ன இருந்தது? பழைய பதிப்புகள் என் அலுமாரியில்தான் இருந்தன, சாவியும் என்னிடம்தான். அந்தப் பக்கத்தை எடுத்துப் போட்டோகொப்பி அடித்தேன். சூடு ஆறுமுன் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஃபாக்ஸ் இயந்திரம் பத்தடி தள்ளி இருந்தது. அப்போது மனேஜர் கூப்பிட்டார்.

கவுன்சிலிலிருந்து கேள்வி வந்திருந்தது. இந்த விஷயத்தில் உங்கள் கையேடு என்ன சொல்கிறது? பதிலை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். 'தொடக்க மதிப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று எங்கள் கையேடு தெளிவாகக் குறிப்பிடுகிறது.' கையேட்டுக்குப் பொறுப்பானவன் என்று நான் ஒப்பமிட வேண்டும். மேசையில் இன்னொரு கடிதமும் கிடந்தது. என்னுடையது. என் அகதி விண்ணப்பம் வருடக்கணக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் முடிவில்லாமல் கிடந்தது. இந்த ஆள் எங்களுக்கு அவசியம் என்று வேலைத்தலத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தால் நல்லது என்று வக்கீல் சொல்லியிருந்தார். மனேஜர் முதலில் அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். பிறகு மற்றதைத் தள்ளினார். பேனாவையும் தந்தார். அவர் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இப்போது சொல்ல எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஒப்பமிட்டேன். அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. போட்டோகொப்பியைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டேன். முதல் தடவை போகவில்லை. துண்டுகள் மிதந்துகொண்டு நின்றன. தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து மறுபடியும் இழுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலுக்குப் போனேன். என் கடிதம் நல்லபடி கையெழுத்தானதற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். சீ! காறித் துப்பாமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

அதன் பிறகு திருச்சிக்காரருடைய போனை நான் எடுக்கவில்லை. மீற்றிங்கில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். இரண்டு தடவை அடித்தார், பிறகு நிறுத்திவிட்டார். சில கிழமைகள் கழித்து ஒரு மத்தியானம், கீழே ஒருவர் வந்து நிற்கிறார் என்றார்கள்.

அதுவரை அவரை நான் நேரில் கண்டதில்லை. குரலை வைத்து உயரமான ஆள் என்று நினைத்திருந்தேன். கட்டையான மனிதர். யாரோ பெரிய ஆளுக்குத் தைத்த கோட்டுக்குள் நின்றார். எதிரே இருந்த தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சட்டையைப் பிடித்து உலுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உலுக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை ஃப்ளைட் சார்," என்றார். "போறதுக்கு முன்னாடி உங்களை ஒருவாட்டி பாத்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"மன்னிப்போ? என்னத்துக்கு?"

"உங்களைச் சந்தேகப்பட்டு போன் பண்ணினேனே சார். விசாரணையில உங்க லெட்டரைக் காட்டினாங்க. அப்புறம் அந்தப் பக்கத்தை உக்காந்து நூறு வாட்டி படிச்சேன். அவ்வளவு தெளிவா போட்டிருக்கு. அதைப் போயி எப்படி ஜீரோன்னு படிச்சேன்னே தெரியல. என் மேல எனக்கே வெறுப்பா இருக்கு சார்."

என் கடிதம் அதற்குள் குரோய்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை இனி ஒருவராலும் திருப்பி எடுக்க முடியாது. அந்த மேசையில் நான் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு வசனம் சொன்னால் போதும்.

"ஊரிலை போய் என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன்.

"மாமனாருக்கு ஹார்டுவேர் கடை இருக்கு சார். அங்க நிக்கப் போறேன். ப்ரோக்ராம் எல்லாம் இனிமே வேண்டாம். கண்ணு முன்னாடி இருக்கிறதையே மாத்திப் படிக்கிற புத்தி இது. இதை நம்பி நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தேன்னா என்ன ஆகும், சொல்லுங்க?"

சொல்லுங்கள் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி ஆறப்போகுது," என்றேன். "குடியுங்கோ."

உடனே எடுத்துக் குடித்தார்.