நாற்காலிக்குக் கீழே பதிந்த மூச்சு

அந்தக் கேசட்டின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்துத் துணியால் துடைக்கப் போனேன். "துடைக்காதே, டேப் போயிடும்" என்று மேனேஜர் சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பத்து வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தவன் நான். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கை சில்லென்று இருந்தது.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் மோட்டார் மேஸ்திரியாக இருந்தேன். பள்ளிக்கூடம் போனவன் இல்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். என்னிடம் இருந்ததெல்லாம் காது. ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். பேரிங்கில் கிரீஸ் வற்றினால் ஒரு சத்தம், குண்டு தேய்ந்தால் வேறு சத்தம். ஒரு தடவை தண்ணீர் பம்பு ஒன்று இருபது நாளில் நின்றுவிடும் என்றேன். சிரித்தார்கள். பதினெட்டாம் நாள் நின்றது. அதற்கப்புறம் கேட் வாட்ச்மேன் என்னைப் பார்த்தாலே, "யோவ் மேஸ்திரி, என் பக்கத்துல மட்டும் வந்து நிக்காத, எத்தினி நாளுன்னு சொல்லிடப் போற" என்பான்.

அந்தக் காதுக்காகத்தான் சார் என்னைப் பொன்னேரியில் இருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய மனைவி சென்னையில் ஒரு பெரிய மேல்நாட்டு வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவர். நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கிற இசை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் சார் கூடவே போய், அந்த அம்மாவின் நாற்காலிக்குக் கீழே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். அந்த அம்மா இறந்து பல வருடமாகி, கேசட்டுகள் டிரங்குப் பெட்டியில் கிடந்து உப்புக்காற்றில் பூத்துவிட்டன. எல்லாவற்றையும் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, சிடியாக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலை அவருடைய மகளுக்கு. அப்போது முப்பது வயதிருக்கும். நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடித்துக்கொண்டு ரயிலேறிப் போவேன். டேப்பை மெல்ல எடுத்துப் பூஞ்சை போக்கி, வேறு கேசட் கூட்டில் மாற்றிச் சுற்றுவோம். டேப் டெக்கில், டேப் உரசிப்போகிற ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை ஒரு மயிரிழை திருப்பினால், போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்த வயலின் பளிச்சென்று வெளியே வரும். அதுதான் என் வேலை. அந்த இசை எனக்குப் புரிந்ததா என்று கேட்டால் இல்லை. ஆனால் நாற்பது பேரும் ஒன்றாக வில்லை இழுக்கும்போது, ஆலையில் எல்லா மோட்டாரும் ஒரே சீராக ஓடுகிற அதிகாலை ஷிப்டு ஞாபகம் வரும்.

மூன்றாவது வாரம் வேறு ஒன்று கேட்டது.

"சார், உள்ள ஏதோ ஒராயுது. பேரிங்ல மணல் பூந்த மாறி."

பெல்ட்டை மாற்றினோம். வேறு டெக்கில் போட்டுப் பார்த்தோம். போகவில்லை. பழைய கேசட்டில் லேசாக இருந்தது, அடுத்ததில் கூடியது, அதற்கடுத்ததில் இன்னும் கூடியது. விட்டுவிட்டு, ஒரே இடைவெளியில் வந்தது. "இதை எடுத்துடலாமாப்பா?" என்று பாப்பா திரையில் அந்த இடத்தைக் குறித்தாள்.

"மிஷின் சத்தமே இல்ல பாப்பா இது" என்றேன். "ஆனா எதுவாயிருந்தாலும் ரொம்ப நாளு தாங்காது."

சார் என் தலையிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். "கை வெக்காதே. அது உங்கம்மா மூச்சு" என்றார். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகிற வியாதியாம். கேசட்டின் மேல் தன் கையால் எழுதியிருந்த தேதியைத் தடவிப் பார்த்தார். அந்த அம்மா முதன்முதலில் டாக்டரிடம் போவதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி. "நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எனக்கு வயலின்தான் கேட்டுது" என்றார்.

டெக்கை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை.

சக்கரத்தைப் பார்த்தேன், சுற்றவில்லை. ஹெட்போன் சாரிடம் இருந்தது. என் தோளுக்குப் பின்னால் பாப்பா குனிந்து நின்றிருந்தாள். முதல் கேசட்டில் இருந்த அளவுக்குத்தான், மிக லேசாக.

அன்று டீயைக் குடித்துவிட்டு ரயிலேறினேன். அந்த வாரம் முழுக்க எந்த மோட்டாரில் காது வைத்தாலும் அதுவே கேட்டது. தூசியாக இருக்கும், சளியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மோட்டாராக இருந்திருந்தால் அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லியிருப்பேன். அடுத்த ஞாயிறும் பாப்பாவின் மூச்சில் கேட்டது. சொன்னேன்.

சார் எழுந்து நின்றார். "இரும்பைக் கேக்குற காதால என் பொண்ணைக் கேக்காதே. போ வெளியே."

போனேன். ஒரு மாதம் கழித்துப் பட்டப்பகலில் ஆலை கேட்டில் வந்து நின்றவள் பாப்பாதான். "மேஸ்திரி, அப்பாவுக்குத் தெரியாது. இன்னொரு தடவை கேளுங்க." லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த இரைச்சலிலும் கேட்டது. "இன்னிக்கே போம்மா" என்றேன்.

அம்மாவுக்கு வந்ததேதான். ஆரம்பம் என்பதால் மருந்தில் நிற்கும், ஆனால் வருடாவருடம் பார்த்தாக வேண்டும் என்றார்களாம்.

சார் இப்போது இல்லை. பாப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். ஆஸ்பத்திரி வாசனையே அவளுக்கு ஆகாது. "ஸ்கேனுக்கு முன்னாடியே சொன்ன காது இது. நீங்க கேட்டுச் சொன்னா அப்புறம் போறேன்" என்பாள். நான் கேட்டுச் சொல்வேன். கூடியிருந்தால் மறுநாளே போவாள். முந்தின பொங்கலுக்கு, "போன வருஷம் மாதிரியேதாம்மா இருக்குது" என்றேன். இந்தப் பொங்கலுக்கும் அதையேதான் சொன்னேன். இரண்டு வருடமும் அவள் போகவில்லை.

பாப்பா, நீ இதைப் படிப்பாய். இரண்டு வருடமாக எனக்கு மெல்லிய சத்தம் எதுவும் கேட்பதில்லை. முப்பது வருட ஆலை இரைச்சல் தின்றுவிட்டது. சொன்னால் நீ வருவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்து, குனிந்து கேட்கிற மாதிரி நடித்தேன். ஆனால் கண் இருக்கிறது. இந்தத் தடவை நீ பேசும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில், மூச்சை இழுக்க உன் கழுத்துக்குழி உள்ளே போனதைப் பார்த்தேன். நான் சொன்னதை நம்பாதே. கையிலிருக்கிற இதை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.