கையிருப்பு சார்

சங்கத்தில் அவருக்குக் கையிருப்பு சார் என்று பட்டப்பெயர். வயதானவர்களுக்கு உதவும் சின்னச் சங்கம் அது. சந்தாவும் நன்கொடையும்தான் வரவு. பொருளாளரான அவர் டீச்செலவுக்கும் ரசீது கேட்பார். வங்கியில் கிடக்கும் கையிருப்பை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். "ஆபத்துக்கு இருக்கட்டும்" என்பார். என்ன ஆபத்து என்று கேட்டவர்களுக்கு முறைப்புதான் பதில்.

உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கைதட்டல். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவை வாசித்து, கடைசியில் குரலை உயர்த்திக் கையிருப்பைச் சொல்வார். போன வருடத்தைவிடக் கூடியிருக்கும். கூட்டம் கைதட்டும். மனைவி போன பிறகு அவரை யாரும் வேறெதற்கும் பாராட்டியதில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே மனுஷன் அடுத்த வருடம் வரை ஓட்டினார்.

இந்த வருடம் அவர் வாசித்து முடித்ததும், கைதட்டல் வருமுன் செயலாளர் அம்மா எழுந்துவிட்டார்.

"பணம் சும்மாவே கிடக்குது சார். தனியா இருக்கிறவங்களுக்குத் தினமும் போன் பண்ணிப் பேச சம்பளத்துக்கு ஒரு ஆள் போடலாம்."

"பேசறதுக்குச் சம்பளமா?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் கைகள் எல்லாம் தீர்மானத்துக்கே உயர்ந்தன.

அவர் கணக்கு நோட்டைப் படாரென்று மூடினார். இருந்தாலும் கணக்குப் பார்த்த புத்தி சும்மா இருக்குமா? "செலவு பண்றதுன்னா ஒழுங்காப் பண்ணுங்க. எழுபது தாண்டித் தனியா இருக்கிற உறுப்பினர் ஒருத்தர்கூட விடுபடக் கூடாது. ஆளுக்கு அஞ்சு நிமிஷம்" என்று தானே நிபந்தனையும் போட்டார். தன் வயது எழுபத்திரண்டு என்பது அந்தக் கோபத்தில் அவருக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டு போன் அடித்தது. கடன் வேண்டுமா என்று கேட்கும் வங்கியாக இருக்கும் என்று சலித்துக்கொண்டே எடுத்தார்.

"சங்கத்துல இருந்து பேசறேங்க ஐயா. சாப்பிட்டீங்களா?"

அவரை யாரும் அப்படிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"எனக்கு எதுக்கும்மா? நான் பொருளாளர்."

"ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க ஐயா."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். காலையில் சமைத்தது மூடியபடியே இருந்தது. இன்னும் சாப்பிடவில்லை என்று மெல்ல ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் செல்லமாகக் கடிந்துகொண்டாள், அவர் சொன்ன முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தாள்.

"சரிங்க ஐயா, வெச்சுடட்டுமா?"

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷத்துக்குச் சம்பளம் குடுக்கிறோம். இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கும்மா" என்றார். "பேசு."