எங்கள் பின்னால் நின்ற அக்கா

அக்காவைப் பற்றி எழுதும்படி அத்தான் கேட்டபோது, "நல்ல தமிழில எழுது, நீட்டாதை" என்றார். நல்ல தமிழுக்கு முயல்கிறேன். நீட்டாமல் எழுத என்னால் ஏலாது என்பது அவருக்கே தெரியும். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர் பலருக்குக் கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல எனக்கு வழியில்லை. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு முன்னர் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

அக்கா சம்பூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அடுத்தவள் நான். அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும், மீன்பிடி வள்ளம் ஒன்றில் பங்கும் இருந்தன. ஊரில் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடவாத காலம் வந்தபோது, எங்கள் இருவரையும் மூதூரில் வள்ளமேற்றித் திருகோணமலைப் பட்டினத்துக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வள்ளம் வெளிக்கிட்டதும் நான் அழுதுகொண்டு கரையில் நின்ற அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அக்கா என் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிட்டு, "திரும்பிப் பாக்காதை, நான் நிக்கிறன்" என்றார். அப்போது அவரும் சின்னப் பிள்ளைதான். அவர் யாரிடம் போய் அழுதார் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் சீமெந்து போட்ட கூடைப்பந்துத் திடல் ஒன்று இருந்தது. கடற்காற்றில் வளையம் கறள் பிடித்து, வலை இற்றுப்போய்த் தொங்கும். விளையாட்டு ரீச்சர் என்னைப் பார்த்ததுமே, பந்தோடு வருபவளை மறிக்கிற வேலையைத் தந்தார். எனக்குக் கால் கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. அக்காவைப் பின்னால் நிறுத்தினார். அக்கா அவ்வளவு உயரமுமில்லை, வேகமுமில்லை. ஆனால் நடக்கப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அந்தப் பின்னால் நிற்கிற வேலை என்னவென்று சொல்கிறேன். நான் பந்துக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு அவளை மறித்துக்கொண்டிருப்பேன். அந்த நேரம் அவளுடைய கூட்டாளி ஒருத்தி சத்தமில்லாமல் வந்து எனக்குப் பக்கத்தில் மதில் மாதிரி நிற்பாள். அதை ஸ்கிரீன் என்போம். பந்துக்காரி அந்த மதிலை உரசிக்கொண்டு ஓடிவிடுவாள். நான் மதிலில் மோதுப்பட்டு நிற்பேன். மதிலாக நின்றவளுக்குக் காவலிருந்த எங்கள் ஆள், வேறு வழியின்றிப் பந்துக்காரியை மறிக்கப் போவாள். உடனே அந்த மதில் திரும்பிக் கூடையை நோக்கி ஓடும். பந்து அவள் கைக்குப் போய்விடும். அவளுக்கும் கூடைக்கும் நடுவில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அந்த வெறும் இடத்துக்குத்தான் அக்கா வருவார். பந்துக்கு எதிர்ப்பக்கத்தில், தூர மூலையில் சும்மா நிற்பவளே அக்காவின் பொறுப்பு. அவளை விட்டுவிட்டு ஓடிவந்து கூடைக்கு முன்னால் நிற்பார். அக்கா விட்டுவந்தவளை எங்களில் இன்னொருத்தி இறங்கிப் பிடிக்க வேண்டும். அவள் விட்டவளை மற்றவள் பார்க்க வேண்டும். ஒருத்தி அசைந்தால் எல்லோரும் அசைய வேண்டும், அசையும்போது வாயால் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் போனால் இரண்டு பேர் ஒரே ஆளிடம் போய் நிற்பார்கள், வேறொருத்தி தனியே நிற்பாள். "கண்ணால பாத்தது போதாது, வாயால சொல்லுங்கோ" என்று அக்கா எங்களுக்குச் சொல்லாத நாளில்லை. என் முதுகுக்குப் பின்னால் "இடப்பக்கம் ஸ்கிரீன்! நான் நிக்கிறன்!" என்று அவர் குரல் கேட்கும். நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. உதவிக்கு வந்தவளின் ஆள்தான் தனியே விடப்படுகிறாள். பந்து அங்கே போய்க் கூடைக்குள் விழுந்தால், பார்க்கிறவர் கண்ணுக்கு உதவிக்கு வந்தவளே குற்றவாளி. மட்டக்களப்பு அணியோடு நடந்த ஓர் இறுதிப் போட்டியில் அப்படித்தான் ஆனது. நான் மதிலில் மோதுப்பட்டேன், அக்கா வந்து நின்றார், அக்கா விட்ட மூலைக்கு ஒருவரும் இறங்கவில்லை. அந்தப் பெண் நிதானமாகக் குறிபார்த்துப் போட்டாள். கோப்பை போய்விட்டது.

மாமா கதிரையை விட்டெழுந்து வந்து எல்லோருக்கும் முன்னால் கேட்டார். "உன்ர ஆளை விட்டிட்டு நீ அங்க என்னத்துக்குப் போனனி?"

"போகாட்டி மற்றவள் நேர போட்டிருப்பாள் மாமா."

"இப்பவும் போட்டிட்டாள்தானே."

அக்கா சிரித்துவிட்டார். "ஓம் மாமா, அதுவும் சரிதான்" என்றார். இறங்க வேண்டியிருந்தவள் கிண்ணியாவிலிருந்து வந்து எங்களோடு படித்த பரீனா. அவள் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் பெயரை அக்கா மாமாவிடம் மட்டுமல்ல, ரீச்சரிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பரீனாவுக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தார். எனக்கு வாங்கித் தரவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் அக்கா துறைமுகத்துக்குக் கிட்டிய கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அத்தானை மணந்தார். எங்கள் வீட்டுக்கு ஒரேயொரு பெண்பிள்ளையாக அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள், பிறந்தாள். போரில் சம்பூர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அப்பாவும் அம்மாவும் உடுத்த உடுப்போடு அலைந்து, கடைசியில் அக்காவின் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு அறை வீடு. ஓர் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அக்கா குசினிக்குப் பக்கத்தில் பாய் போட்டார். ஊருக்குத் திரும்பலாம் என்ற காலம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். அம்மாவும் அக்காவின் மடியிலேயே கண்ணை மூடினார். அத்தான் கட்டாருக்கு வேலைக்குப் போனார். இவ்வளவுக்கும் நடுவில், பின்னேரங்களில் பழைய திடலுக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிற வேலையைப் பழக்கினார். பந்து போடப் பழக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்வார்கள். எங்கள் அக்காவுக்கு அது தலைகீழ். கலியாண வீடுகளில் கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

பிறகு நோய் வந்தது. புற்றுநோய் என்று எழுதக் கை கூசுகிறது. பெறாமகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. தாயோடு ஆஸ்பத்திரியில் நிற்கிறேன், அடுத்த முறை எழுதுகிறேன் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவுக்குக் கோபம் வந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"உன்ர ஆள் சோதினை. நீ அதை விட்டிட்டு வரக்கூடாது. என்னைப் பாக்க இவளவை இருக்கிறாளவை."

இவளவை என்றது எங்களை. கட்டிலில் கிடந்தபடியே அக்கா எங்கள் பழைய அணியை நிறுத்தினார். நான் கட்டிலடியில். ஸ்டெல்லா சமையலும் வீடும். பிள்ளைக்குச் சாப்பாடு என்று அவள் கட்டிக் கொடுத்த பார்சலை இரண்டு ஆண்கள் சாப்பிடலாம். வதனியின் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்பதால், பிள்ளை பரீட்சை எழுதி வெளியே வரும்போது வாசலில் நிற்பது அவள் பொறுப்பு. பரீனா கிண்ணியாப் பாலத்தால் ஸ்கூட்டரில் வந்து, எங்கே ஆள் குறைகிறதோ அங்கே நிற்பாள். பிள்ளைகுட்டிக்காரிகள், முழங்கால் தேய்ந்தவர்கள், எங்கள் அணி அப்படி இருந்தது. அக்கா ஒரேயொரு கட்டளை போட்டார். பிள்ளை ஒரு நேரமும் தனிய நிற்கக்கூடாது. இடம் மாறினால் தொலைபேசியில் வாயால் சொல்ல வேண்டும்.

பல மாதங்கள் அது ஒரு பிழையில்லாமல் நடந்தது. பெறாமகள் பரீட்சைக்குப் போகத் தொடங்கிய பிறகும் நடந்தது. ஒருநாள் காலை, அவள் மண்டபத்துக்குள் இருந்த நேரம், டொக்டர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "வரவேண்டிய ஆக்களை வரச்சொல்லுங்கோ" என்றார். நான் மூன்று பேருக்கும் அழைத்தேன். "வாங்கோ" என்று மட்டும் சொல்ல முடிந்தது. யார் எங்கே நிற்பது என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஸ்டெல்லா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பரீனா வருவதைக் கண்டு, வதனி வாசலை விட்டு வந்திருக்க மாட்டாள் என்று ஸ்டெல்லா நினைத்தாளாம். வதனி, பரீனா வாசலுக்குப் போவாள் என்று நினைத்தாளாம். கொஞ்ச நேரத்தில் கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்று அழுதுகொண்டிருந்தோம்.

அக்கா கண்ணைத் திறந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெல்லிய குரல்தான், ஆனால் அது திடலில் கேட்ட அதே குரல்.

"எல்லாரும் இஞ்ச வந்திட்டியள். பிள்ளையோட ஆர் நிக்கிறது?"

அக்கா இந்த உலகத்தில் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் அவைதான். எங்களுக்கு விடியற்காலத்தில் முகத்தில் தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. பரீனாதான் முதலில் அசைந்தாள். "நான் போறன், நான் நிக்கிறன்" என்று அக்காவின் காதுக்குக் கேட்கச் சொல்லிவிட்டு ஓடினாள். வார்ட் வாசலில் கழற்றிவிட்ட செருப்பை அவள் போடவில்லை. அவள் சொன்னது அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் தேடவில்லை. என் கையைப் பிடித்தபடி கிடந்தார். பிறகு அந்தப் பிடி விட்டுப்போனது.

பள்ளிக்கூட வாசலில் நடந்ததைப் பரீனா பின்னர் சொன்னாள். பிள்ளை சிரித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். வதனி நிற்கும் இடத்தில் பரீனாவைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"நீங்கள் ஏன் அன்ரி வந்தனீங்கள்? வதனி அன்ரி எங்க?"

"வா மகள், ஏறு, போவம்."

பிள்ளை குனிந்து அவளுடைய வெறுங்காலைப் பார்த்தாள். உடனே ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள். அக்கா பழக்கிய பிள்ளை. ஓரிடத்தில் ஆள் மாறி நின்றால், இன்னோரிடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து தாயின் கையைப் பிடித்தாள். கையில் சூடு இருந்தது. "அம்மா, எல்லாக் கேள்வியும் செய்தனான்" என்றாள். பதில் இல்லாததால் திரும்பவும் ஒருமுறை சொன்னாள். என் சீவியத்தில் இனி எது வந்தாலும் அதைப்போல் என் நெஞ்சை உடைக்காது.

மறுநாள் அத்தான் கட்டாரிலிருந்து வந்து சேர்ந்தார். எங்கள் வழக்கப்படி பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு போகும்போது நாங்கள் வீட்டுப் படலையோடு நின்றோம். பரீனா மட்டும், "கொஞ்சத் தூரமெண்டாலும் போறன்" என்று சந்திவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். எல்லோருக்கும் பின்னால் நின்ற மனிசி போகும்போது, அவருக்குப் பின்னால் எங்களில் ஒருவரும் கடைசிவரை போக ஏலாமல் போய்விட்டது.

இனி நன்றி. அக்காவைத் தங்கள் சகோதரி போலப் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதியருக்கும், இரத்தம் தந்த அயலவருக்கும், அக்காவின் அலுவலகத்தாருக்கும், பந்தலும் கதிரையும் தந்து விடியவிடிய இருந்தவர்களுக்கும், சம்பூரிலிருந்தும் கப்பல்துறையிலிருந்தும் பஸ்பிடித்து வந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. ஸ்டெல்லாவுக்கும் வதனிக்கும் பரீனாவுக்கும் நன்றி சொன்னால் அடிக்க வருவார்கள். ஆகையால் பெயரை மட்டும் எழுதி வைக்கிறேன். மாமாவுக்கும் நன்றி. செத்தவீட்டில் அவர் என் பக்கத்தில் வந்திருந்து, "உன்ர அக்கா அண்டைக்குப் போனது சரிதான் பிள்ளை" என்றார். எந்த நாளைச் சொல்கிறார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பெறாமகளுக்கு இன்னுமொரு பாடம் எழுத மீதி இருந்தது. சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்த கையோடு அந்த நாள் வந்தது. தாய் செத்த துடக்குத் தீட்டோடு சோதினைக்குப் போவதா என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் மனம் நோக நான் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பேசத்தான் செய்தேன். அத்தான், "அவ கேட்டது இது ஒண்டைத்தான்" என்று சொல்லிப் பிள்ளையின் பேனையை எடுத்துக் கொடுத்தார். ஸ்டெல்லா வீட்டில் நிற்பதாகச் சொன்னாள். மற்றவர்களும் தங்கள் தங்கள் இடத்தை வாயால் சொன்னார்கள். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூட வாசலில் அவள் கேட்டாள். "சித்தி, நான் வெளியில வரேக்க ஆர் நிப்பினம்?"

"நான் நிக்கிறன்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். மண்டபக் கதவுவரை ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மறைந்த பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. பாடம் முடிந்து மணியடிக்கும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.