பயிற்சிக் காலம் கணக்கில் சேராது

எங்கள் பக்கத்தில் எழுதிப்போட்ட எச்சரிக்கையை யாரும் நம்புவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்த சுவரில் ‘சிறுநீர் கழிக்காதீர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்த எழுத்தின் மேலேயே நின்று கழிப்பார்கள். தொழிற்சாலைக்குள் ‘கையுறை இல்லாமல் தொடாதே’ என்று பலகை மாட்டியிருக்கும். கையுறை கேட்டால் ஸ்டோரில் இல்லை என்பார்கள். அதனால் 1991-இல், மாலை நேர பி.இ. படிப்புக்கான விதிமுறைப் புத்தகத்தில் ‘எச்சரிக்கை’ என்று ஒரு முழுப் பக்கம் இருந்தபோது, அதையும் நாங்கள் அந்தச் சுவரைப் பார்த்த கண்ணோடுதான் பார்த்தோம்.

நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவள். சுங்குவார்சத்திரம் போகிற சாலையில், டெலிபோனுக்குள் வைக்கும் போர்டுகளைச் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. செய்து முடித்த போர்டுகளைச் சோதித்துப் பழுது கண்டுபிடிக்கும் லைன் முழுக்கப் பெண்கள். நான் சேர்ந்து மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த உத்தரவில் என்னை டிரெய்னி என்று போட்டிருந்தார்கள். லைனில் எல்லோருமே டிரெய்னிதான். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற நானும் டிரெய்னிதான். பஸ்ஸில் எல்லோரையும் ‘சார்’ என்பது போல அது ஒரு பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

பி.இ. இல்லாமல் அந்த லைனை விட்டு ஓர் அடி மேலே போக முடியாது. வேலையை விட்டுவிட்டுப் படிக்கவும் முடியாது, குன்றத்தூரில் எங்கள் வீட்டு அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிந்தது. ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்துப் போய்ப் படிக்கிற மாதிரி சென்னையில் அந்த ஒரு படிப்புதான் இருந்தது. எனக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை.

எச்சரிக்கைப் பக்கத்தை கேண்டீனில் வைத்துப் படித்தோம். டிப்ளமோவுக்குப் பிறகு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். பயிற்சிக் காலம் கணக்கில் சேராது. படிப்பு முடியும்வரை வேலையில் இருக்க வேண்டும், வேலை போனால் இடமும் போகும். தகுதி இல்லை என்று எந்தக் கட்டத்தில் தெரிந்தாலும் அனுமதி ரத்து. இரண்டாவது வரியை நான் திரும்பவும் படித்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற என் தோழி, பென்னலூர்க்காரி, புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள்.

“அதெல்லாம் சும்மா போட்டு வெச்சிக்கினு கீறாங்க. நேர்ல போய் நின்னா குடுத்துடுவாங்க.”

நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். விண்ணப்பித்தேன், நுழைவுத் தேர்வு எழுதினேன், பட்டியலில் பெயரும் வந்தது. லைனில் எல்லோரும் என்னை இன்ஜினியர் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

சான்றிதழ் சரிபார்க்கும் நாளன்று கல்லூரியில் ஒரு குமாஸ்தா என் வேலை உத்தரவைப் படித்துவிட்டு, டிரெய்னி என்ற சொல்லின் மேல் பேனா மூடியை வைத்தார். நான் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. டெக்னீசியன் என்று போட்டு கம்பெனியிலிருந்து ஒரு சான்றிதழ் வாங்கி நாளைக்குள் கொண்டு வந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொன்னார். தகுதியில்லாதவளைத் தேர்வு எழுதவிட்டு, பட்டியலில் போட்டு, வாசல்வரை வரவழைத்துக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற அந்த ஏற்பாட்டை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மதியமே தொழிற்சாலைக்கு ஓடினேன். பர்சனல் ஆபீசர் வாயில் எப்போதும் கிராம்பு அடக்கியிருப்பார். பெண்களை எல்லாம் ‘அம்மாடி’ என்றுதான் அழைப்பார். எனக்கு டீ வரவழைத்தார். நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“டெக்னீசியன்னு எழுதித் தர்றதுல எனக்கென்னம்மாடி கஷ்டம்? நாளைக்கே அதைக் காட்டி, டெக்னீசியன் சம்பளம் எங்கன்னு நீ கேப்ப. உன்னைப் பாத்து லைனே கேக்கும். எனக்கும் ஒரு பிடிமானம் வேணும் இல்ல?”

வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். தேதி மட்டும் வேண்டாமாம், அதைத் தேவைப்படும்போது அவர்களே போட்டுக்கொள்வார்களாம். நான் வாய் திறக்காமல் வேலை பார்க்கிறவரை அந்தத் தாள் மேஜை இழுப்பறையில் பத்திரமாகத் தூங்கும் என்று சொல்லிச் சிரித்தார்.

கிராம்பு வாசனையில் எனக்குக் குமட்டியது. மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. வேலை போனால் இடமும் போகும் என்ற வரி அவருக்கும் தெரிந்திருந்தது, நான் கொடுத்த புத்தகத்தைப் புரட்டி அந்த வரியைத்தான் அவர் முதலில் தேடிப் படித்தார். ஒரே தாளில் என் வேலையையும் படிப்பையும் சேர்த்துக் கட்டி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று புரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

லைனுக்குப் போய்த் தோழியிடம் சொன்னேன். அவள் கை போர்டை விடவில்லை. “இப்ப மட்டும் நமக்கு இன்னா நெரந்தரமா கீது? குடுத்துட்டுப் போய் படி” என்றாள். அவள் குரலில் எரிச்சல் இருந்தது. அது யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

ஷிப்ட் முடிவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் என் கையெழுத்தை நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, டெக்னீசியன் சான்றிதழில் ஓங்கி முத்திரை குத்தினார். மறுநாள் கல்லூரிக் குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, தகுதி உண்டு என்று என் விண்ணப்பத்தில் எழுதினார். நன்றி சொன்னேன். சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முதல் நாள் வகுப்பில் எல்லோரும் எங்களைப் போன்ற தொழிற்சாலை ஆட்கள்தான். நகத்தில் எண்ணெய்க் கறை, கண்ணில் தூக்கம். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்பவர், என்னைவிட மூத்தவர். எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட் என்று விசாரித்தார். டிரெய்னியா என்றார். ஆமாம் என்றேன். எந்த பஸ்ஸில் வந்தாய் என்று கேட்பது போல அவர் அடுத்ததைக் கேட்டார்.

“ராஜினாமா, தேதி போட்டுக் குடுத்தியாம்மா, போடாமயா?”

போடாமல் என்றேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேதி போட்டுக் கொடுத்தவர் ஒருவர் இருந்ததாகவும், வகுப்பு தொடங்குமுன்பே அந்தத் தேதி வந்து வேலையோடு இடமும் போய்விட்டதாகவும், பெயர் மட்டும் இன்னும் வருகைப் பதிவில் இருப்பதாகவும் சொல்லிவிட்டு, அம்பத்தூர்க்காரர் எனக்கு எழுத இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.