தாவீதின் இரண்டாவது இசைத்தட்டு

இடது கைக் கட்டைவிரல் பித்தளை மூடியை மெல்ல அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை, சிகரெட் சுருட்டும் தாளின் ஒரு துண்டை மூடிக்கு அடியில் செருகி இழுத்தது. தாள் வரவில்லை. கை அரை விரற்கடை நகர்ந்து அடுத்த இடத்தில் இழுத்தது. அங்கேயும் வரவில்லை. மூடிக்கு அடியில் இருந்த தோல்வில்லை குழலின் விளிம்பைச் சுற்றிலும் கவ்வியிருந்தது. இப்படி இருபத்துச் சொச்சம் மூடிகள். ஒவ்வொன்றிலும் எட்டு இடம். ஓரிடத்தையும் விடாமல் இழுத்துப் பார்த்தபின்தான் கைகள் ஓய்ந்தன.

கைகள் ரோசம்மாளுடையவை. சாக்ஸபோன், கல்யாண பேண்டில் அதை வாசிக்கும் தாவீதுடையது. ஐந்து வருடங்களுக்குப் பிறகு சென்னை இசைத்தட்டுக் கம்பெனி அவனை மறுபடி கூப்பிட்டிருந்தது. நாளைக் காலை ஒலிப்பதிவு. மாலை ரயிலுக்கு முன் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

ரோசம்மாள் ஆரம்பாக்கத்தில் நாற்று நட்டு வளர்ந்தவள். பொன்னேரி பேண்டு செட்டில் பெரிய டிரம் அடித்த ஜெயராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவனுடைய டிரம்முக்குத் தோல் மாற்றத் தொடங்கி, தூக்கிப் போட்ட ஒரு கிளாரினெட்டைப் பிரித்துப் பிரித்துப் பூட்டி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே வேலையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயராஜ் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவளோ, ஆர்.கே.பேட்டையிலிருந்துகூட வாத்தியங்கள் தேடி வரும் ஆளானாள். தோல்வில்லையை ஒட்டுவதற்குத் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து அவளே பசை காய்ச்சுவாள். ஒட்டி முடித்ததும் வாத்தியத்தை ஒரு மணி நேரம் வெயிலில் வைப்பாள். பசை இளகி, வில்லை தானே சரியாகப் படியும். அதன்பிறகே தாள் சோதனை. ஊர்வலத்தில் வெயில் ஏற ஏற ரோசம்மாள் ஒட்டிய வில்லை இன்னும் இறுகும் என்று பேண்டுக்காரர்கள் சொல்வார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று காலை பத்து மணிக்கு ஆதிகேசவன் வந்தார். திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். கும்மிடிப்பூண்டிக் குழாய் ஆலையில் சூப்பர்வைசர். ஜாஸ் இசைத்தட்டு என்றால் பட்டினி கிடந்தாவது வாங்குவார். கையில் பேட்டரி கிராமபோனும் மூன்று இசைத்தட்டுகளும் இருந்தன.

"தாவீது வாசிச்சது. இப்படி மூணு இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்க சங்கத்துப் பத்திரிகைக்கு எழுதப்போறேன். அவனைக் கேட்டா வாயே திறக்கமாட்டேங்கறான். அந்த வாத்தியத்தை அவனுக்கு அடுத்தபடி தொட்டது நீங்கதான்."

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் ஒட்டுற வேலக்காரி."

"கேளுங்கோ, போதும்."

முதல் தட்டு 1965. மெதுவான மெட்டு. சாக்ஸபோனின் குரல் படிப்படியாகக் கீழே இறங்கி, அடியில் போய் நின்று அதிர்ந்தது.

"கிணத்துல வாளி இறங்கற மாதிரி இல்ல? மூச்சு எங்க எடுக்கறான்னே தெரியாது. கடைசியில டிரம்ஸ்காரன் விரட்ட, இவனும் ஓடறான். குறைன்னா அது ஒண்ணுதான்."

இரண்டாவது, 1967 மே. மெட்டு தாவீதே கட்டியது. மூன்றிலும் அதுதான் உயர்ந்தது என்றார் ஆதிகேசவன். பாதி வழியில் குரல் அடிக்கு இறங்கியது. அங்கே துணி கிழிவதுபோல் பிளந்தது. அடுத்த சுற்றில் அந்த இடத்தருகே வந்து, தொடாமலே திரும்பிவிட்டது.

"பயந்துட்டான். அதான் இவன் பலவீனம். அடுத்த வருஷத் தட்டுல கீழ பக்கமே போகல. மேலேயே மின்னல் மாதிரி வாசிக்கறான், ஆனா மழை இல்ல. அதோட கம்பெனி இவனை விட்டுடுத்து."

ரோசம்மாளின் கை மெழுகுக் கிண்ணத்தின் மேல் நின்றுவிட்டது.

"சார், அந்த எடத்த இன்னொரு தபா போடுங்க."

போட்டார். குரல் பிளப்பதற்கு ஒரு நொடி முன்னால் மெல்லிய 'உஸ்' கேட்டது. உதடு தவறினால் குரல் பட்டென்று உடையும். இது உடையவில்லை, ஒழுகியது.

"பயம் இல்ல சார். காத்து போவுது. ரிக்கார்டிங் ரூமு எப்படி இருக்கும்?"

"ஏசி. மே மாசத்துலயே ஸ்வெட்டர் போட்டுக்கணும். ஏன்?"

அவள் சாக்ஸபோனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தட்டு பதிவான வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம்தான், வாத்தியத்தோடு வந்த வில்லைகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, தன் பசையில் புதிதாக ஒட்டிக்கொடுத்திருந்தாள். வெயிலில் வைத்துச் சோதித்தாள். குளிரில் ஒருவன் வாசிப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவர் போன கையோடு பக்கத்து வீட்டு முத்தம்மாவிடம் ஓடினாள். முத்தம்மா பழவேற்காட்டு மீன் விற்பவள். வீட்டில் எப்போதும் ஐஸ் இருக்கும்.

"இன்னாக்கா, சாக்ஸுக்கு ஜொரமா? ஒத்தடம் குடுக்கப்போறியா?"

"பேசாத குடுடி!"

தகர டப்பாக்களில் ஐஸை அடைத்து, சாக்ஸபோன் பெட்டிக்குள் அதன் இருபுறமும் வைத்து, மேலே கம்பளி போர்த்தினாள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, அடிக்குரலுக்கான அகல மூடியில் தாளைச் செருகினாள். காலையில் வெயிலில் வைத்து அவளே சோதித்த மூடி அது.

தாள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

மறுபடி செருகினாள். மறுபடியும் வந்தது. குளிரில் பசை சுருங்கி, வில்லையின் ஓரத்தை ஒரு மயிரிழை தூக்கியிருந்தது. நாளைக்கும் இதே கதைதான் நடந்திருக்கும்.

சின்ன மூடிகளில் தாள் நின்றது. அகல மூடிகள் ஆறையும் கழற்றினாள். ஆசாரி கடையில் அரக்கு வாங்கிவந்தாள். மெழுகை ஒட்டச் சுரண்டி, ஸ்பிரிட் விளக்கில் அரக்கை உருக்கி, காகிதக் கனத்துக்குத் தடவி, வில்லைகளைத் திரும்ப ஒட்டினாள். அரக்கு வெயிலில் தானே படியாது. ஒவ்வோர் ஓரத்தையும் விரலால் அழுத்திப் படியவைக்க வேண்டும். இரண்டு விரல்கள் கொப்பளித்தன. மறுபடி ஐஸ், மறுபடி தாள். ஐந்து மூடிகள் கவ்வின. ஆறாவது ஓரிடத்தில் விட்டது. அதை மட்டும் பிரித்து ஒட்டினாள். பெட்டியை மூன்றாம் முறை ஐஸோடு மூடியபோது மணி நாலு.

ஐந்து மணிக்குத் தாவீது வந்தான்.

"இன்னாக்கா, ரெடியா? நம்ம கீச்சுக் கச்சேரிக்கு நேரமாவுது." கல்யாண வீடுகளில் மேல் ஸ்தாயியிலேயே வாசிப்பதால் பேண்டுக்காரர்கள் அவனுக்குக் கீச்சு தாவீது என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அவனே அப்படிச் சொல்லிக்கொள்வான்.

"ஒக்காரு. ஒண்ணு சொல்லணும். உன் ரெண்டாவது பிளேட்டுல கொரலு பொளந்துச்சே, அது நீ இல்ல. நாந்தான். என் பசை ஏசியில சுருங்கிடுச்சு. காத்து போனது என் மூடியில."

தாவீது உட்கார்ந்தான்.

"அக்கா, ஊட்டுல வாசிச்சா சரியா வரும். அங்க போனா வராது. எனக்குத்தான் பயம்னு நெனச்சேன். அப்புறம் பல்லு சந்துல காத்து போவுதோன்னு கடவாப் பல்லு ரெண்டு புடுங்கிப் போட்டேன்."

"அடப்பாவி!" ரோசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாராண்டயும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"உன் வேலையில தப்பு இருக்கும்னு எவன் நெனப்பான்?"

அவளுக்கு அதைவிடப் பெரிய அடி வேறில்லை. எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். ஐஸ் டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டு, சில்லிட்டுக் கிடந்த சாக்ஸபோனைத் துணியால் துடைத்தாள். கடைசியாகப் பிரித்து ஒட்டிய அகல மூடியில் தாளைச் செருகி அழுத்திப் பிடித்தாள்.

"நீயே இழு."

இழுத்தான். தாள் வரவில்லை. பலமாக இழுத்தான். பாதி கிழிந்து அவன் கையோடு வந்தது. மீதி மூடிக்குள்ளேயே இருந்தது.

கிழிந்த துண்டைப் பார்த்தபடி, "பல்ல ஒட்ட முடியாதாக்கா?" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. மூடியைத் தூக்கி மிச்சத் தாளை ஊதித் தள்ளினாள். கொப்பளித்த விரல்கள் உலோகத்தில் படாமல், உள்ளங்கைகளில் ஏந்தி, சாக்ஸபோனை அவனிடம் கொடுத்தாள்.