நாற்பத்தேழாம் நம்பர் பால்கேன்

விமலாராணிக்கு நாற்பத்தெட்டு வயது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், மின்சார ஃபியூஸுக்கான பீங்கான் பீஸ்கட்டை செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். சூளையிலிருந்து வரும் கட்டைகளில் கீறல் விட்டதைப் பொறுக்கித் தள்ளுவது அவள் பொறுப்பு. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், மண் கரைக்கும் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைச் செல்போனில் படமெடுத்தாள். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் நீலப் புள்ளி.

“பேனா மை சொட்டுனாப்ல இருக்குது” என்று சிரித்தார் கணவர் ஆன்றோ.

அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை. இரண்டு வருடம் கழித்து அவளிடம் ஒரு பழைய கேமராவும், முழங்கை நீளத்துக்கு அறுநூறு எம்.எம். லென்ஸும் இருந்தன. லென்ஸின் கனம் தாங்க, தலையணை உறையில் உமியை அடைத்து ஒரு மெத்தை தைத்துக்கொண்டாள். ஞாயிறு காலைப் பூசைக்குப் போனவள் சாயங்காலப் பூசைக்கு மாறினாள். பங்குச் சாமியார் காரணம் கேட்டபோது, “காலைலதான் சாமி வெளிச்சம் நல்லா இருக்குது” என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு, நல்லூர் பக்கம் ஓர் ஏரிக்கரையில் உமி மெத்தையைப் போட்டு, அதன் மேல் லென்ஸை வைத்துப் படுத்திருந்தாள். மணி ஏழு இருக்கும். எதிர்க்கரைச் சேற்றில் ஐந்து புள்ளிமூக்கு வாத்துகள். முதலில் தூங்குகின்றன என்றுதான் நினைத்தாள். லென்ஸைத் திருகிக் கிட்டே கொண்டுவந்தபோது ஒன்றின் கழுத்து தண்ணீருக்குள் வளைந்து கிடந்தது. இன்னொன்று ஒரு பக்கச் சிறகை மட்டும் சேற்றில் அடித்துக்கொண்டிருந்தது. காகம் ஒன்று இறங்கி, செத்துக் கிடந்த வாத்தின் வயிற்றைக் கொத்தித் தின்றது. விமலாராணி விரலை எடுக்காமல் படமெடுத்துக்கொண்டே இருந்தாள். சற்று நேரத்தில் காகம் தள்ளாடியது. இரண்டடி தத்திப்போய், மல்லாக்க விழுந்து, காலை இழுத்துக்கொண்டது.

விஷம்.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கிய ஆள் நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சேற்றில் இறங்கி, வாத்துகளை ஒவ்வொன்றாக உரச்சாக்கில் போட்டான்.

“தொடாதீங்க! வெசம்! வெசங்க அது!”

நடுவில் அகலத் தண்ணீர், எதிர்க்காற்று. அவள் கத்தியது அவன் காதில் விழுந்ததோ என்னவோ, அவள் எழுந்து நின்று கையாட்டியது மட்டும் அவன் கண்ணில் பட்டது. அவள் பக்கத்தில் இருந்த நீளமான லென்ஸையும் பார்த்திருக்க வேண்டும். துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். அவள் குனிந்து நாலைந்து படம் எடுப்பதற்குள் பறந்துவிட்டான்.

அவளை வனத்துறை ஆள் என்று பயந்துவிட்டான். இனி அந்தக் கறி ஏதோ ஒரு வீட்டு அடுப்பில் ஏறும்.

எடுத்த படங்களைப் பெரிதாக்கினாள். நம்பர் பிளேட் முழுக்கச் சேறு. முகம் பாதி துண்டுக்குள். வண்டியின் பின்னால் தொங்கிய பால்கேனில் சிவப்புப் பெயிண்டில் 47 என்று எழுதியிருந்தது. பால் சொசைட்டி உறுப்பினர் எண்.

ஸ்கூட்டரில் ஏரியைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போக அரை மணி நேரம் ஆனது. முதல் ஊர் சொசைட்டியில் நாற்பத்தேழு யார் என்று கேட்டாள். வீராயி என்ற கிழவியாம், மாட்டை விற்று மூன்று மாதமாகிறதாம். அங்கங்கே விசாரித்து அடுத்த ஊருக்கு வரும்போது மணி ஒன்பது. அங்கே சொசைட்டிச் செயலாளர் கோவிந்தராசு கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“நாப்பத்தேழா? நம்ம சாமிதுரைங்க. ஏன், பால்ல ஏதாச்சும் கோளாறா?”

“வூடு எங்கங்க? சீக்கிரம் சொல்லுங்க.”

தண்ணி டேங்குக்குப் பின்னால் மூன்றாவது வீடு. தெருவிலேயே மசாலா வாசம் அடித்தது. வாசலில் அந்த மொபெட். உள்ளே இரண்டு பெண் பிள்ளைகள் தட்டை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சாமிதுரையின் மனைவி அமுதவள்ளி அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். விமலாராணியின் தோளில் இருந்த கேமராவைப் பார்த்ததும் சாமிதுரை வாசலை மறித்து நின்றான்.

“நான் ஏரிப்பக்கமே போவலீங்க.”

“நான் பாரஸ்ட் ஆளு இல்லீங்க. செராமிக் கம்பெனில வேல பாக்குறேன். அந்தத் தாரா வாத்துல வெசம் இருக்குது. புள்ளைங்களுக்குப் போடாதீங்க.”

“கேஸு போடத்தான போட்டோ எடுத்தீங்க? கோழிக் கறிங்க இது. போங்க.”

பேசும்போதே கடைவாயில் எச்சில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டான். அந்தக் குளிரிலும் அவன் நெற்றி முழுக்க வியர்வை.

விமலாராணி அவனை விட்டுவிட்டு, அவன் தோளுக்கு மேலாக அமுதவள்ளியிடம் கேமராவை நீட்டினாள். “நீங்க பாருங்கம்மா. கொத்துன காக்கா இது. இது நிக்கிறது. இது விழுந்து கெடக்குறது.”

அமுதவள்ளி பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். “நீ அப்பவே ஈரல சுட்டுத் தின்னியே” என்றாள் மெதுவாக.

“எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த போட்டோ அவங்க கைல இருக்குற வரைக்கும் நான் எதையும் ஒத்துக்க மாட்டேன்.”

“இந்தாங்க” என்று அவன் முன்னாலேயே அவன் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள் விமலாராணி. “நல்லாப் பாத்துக்கங்க. இனிமே ஒங்க மூஞ்சி இதுல இல்ல. இப்பவாச்சும் சொல்லுங்க, எவ்வளவு தின்னீங்க?”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு குழறியது. சுவரைப் பிடித்தவன் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். அமுதவள்ளி பிள்ளைகளின் தட்டைப் பிடுங்கி எறிந்தாள். நல்லவேளை, அதில் சோறு மட்டும்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுத் தர்மராஜின் லோடு ஆட்டோவில் அவனைக் கிடத்தி விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் வாந்தி. மூச்சு வாங்க முடியாமல் அவன் திணறும்போதெல்லாம் விமலாராணி ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்துவிட்டாள். அமுதவள்ளி அவன் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் விமலாராணி பாதி ஜெபமாலை சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். “கண்ணு பாப்பா ஊசி முன மாதிரி சுருங்கிப்போச்சு. என்ன சாப்பிட்டாரு?”

விமலாராணி வாத்து, காகப் படங்களைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துதான் என்று சொல்லி டாக்டரம்மா உடனே ஊசி போட்டார். அன்றைக்கெல்லாம் ஊசி ஏறிக்கொண்டே இருந்தது. மறுநாள் மத்தியானம்தான் சாமிதுரை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான்.

மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், வனத்துறையிலிருந்து ஓர் அதிகாரி வார்டுக்கு வந்தார். வாத்தைத் தூக்கிப்போன ஆளின் படம் இருக்கிறதா என்று, பார்க்க வந்திருந்த விமலாராணியிடம் கேட்டார்.

“இருந்துச்சுங்க. அழிச்சிட்டேன்.”

“சாட்சியத்த அழிக்கலாமாம்மா?”

கட்டிலில் கிடந்த சாமிதுரை மெல்ல முழங்கையை ஊன்றி எழுந்தான்.

“அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சார். தாராவ எடுத்தது நான்தான். ஆனா வெசம் வச்சது நான் இல்ல. தவிடு சிந்திக் கெடந்த எடம் எனக்குத் தெரியும், காட்டுறேன். எது வேணும்னாலும் எழுதிக்குங்க.”

வீட்டுக்குப் போனதும் அவனே அதிகாரியைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். ஏரி ஓரம் கடலைக்கொல்லை வரப்பில் எலிக்கோ மயிலுக்கோ தவிட்டில் மருந்து கலந்து வைத்திருந்தார்கள். வைத்தவர் யார் என்று எத்தனை பேரை விசாரித்தும் யாரும் வாய் திறக்கவில்லை. மிச்சத் தவிட்டையும் செத்த பறவைகளையும் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். சாமிதுரைக்கு வழக்கு இல்லாமல் போகவில்லை. எச்சரித்து, அபராதம் கட்டச் சொன்னார்கள். கட்டினான்.

குழியை மூடும்போது விமலாராணியும் போயிருந்தாள். தோளில் கேமரா இருந்தும் உறையைத் திறக்க மனம் வரவில்லை. அமுதவள்ளி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒங்க நம்பர் குடுங்க. இந்தப் பக்கம் இனி எதாச்சும் செத்துக் கெடந்தா, மொதல்ல ஒங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்.”

விமலாராணி நம்பரைச் சொன்னாள். அமுதவள்ளி போனில் அதைப் பதிந்து, சரியா என்று ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொண்டாள்.